ஆச்சியின் கூழும் அப்புவின் நடையும்

அச்சுவேலியைத் தாண்டி வடக்கே செல்லும் வழியிற் செம்மண் தோட்டங்கள் ஒவ்வொன்றாகப் பின்தங்கிப்போக, காற்றில் உப்பின் வாடை ஏறத் தொடங்கும் இடத்தில் தொண்டைமானாறு வந்துவிடுகின்றது. ஆறு என்பது பெயரளவில்தான். மலையிற் பிறந்து சமவெளியிற் பாய்ந்துவரும் ஆறு எதுவும் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு வாய்க்கவில்லை. கடலானது நிலத்துக்குள்ளே கைநீட்டி, வலிகாமத்தையும் வடமராட்சியையும் வேறாக்கிக் கிடக்கும் உவர்நீரேரியின் வாயே இது. சோழர் படைத்தலைவனாகிய கருணாகரத் தொண்டைமான், உப்பு ஏற்றும் மரக்கலங்கள் வந்துபோகும் பொருட்டு இதனை வெட்டி ஆழமாக்கினான் என்பது கர்ணபரம்பரைக் கதை. கடல்நீரைத் தடுத்து மழைநீரைத் தேக்கும் நோக்கத்துடன் 1950களில் இங்கே கதவணையொன்றும் கட்டி முடிக்கப்பட்டது. மாணவர்களுக்கோ தொண்டைமானாறு என்றதும் வெளிக்கள நிலையத்தின் பரீட்சை வினாத்தாள்களே முதலில் நினைவுக்கு வரும்!

இந்நீரேரியின் கரையிலேதான் செல்வச்சந்நிதி முருகன் கோயில் இருக்கின்றது. வெள்ளிக்கிழமை விடியற்காலையில் அங்கே போய் நிற்பவர்களுக்கு ஒரு காட்சி தப்பாமற் கிடைக்கும். வல்வெட்டித்துறைப் பக்கத்திலிருந்தும் கெருடாவிற் பக்கத்திலிருந்தும் முதியவர்கள் நடந்து வருவார்கள். சிலர் துவிச்சக்கர வண்டியில் வருவார்கள். எழுபதைக் கடந்த அப்பு ஒருவர் வண்டியை வேலியிற் சாத்திவிட்டு, ஒரு கையையும் ஊன்றாமற் குனிந்து கால் கழுவுவார். அவருக்குப் பின்னால் வரும் ஆச்சி மணலிற் சப்பணங்கட்டி அமர்வார். எழும்பும்போது மாத்திரம் 'முருகா' என்ற ஒரு சொல்லை ஊன்றுகோலாகக் கொள்வார். வந்த பேரப்பிள்ளையோ முச்சக்கர வண்டியில் இறங்கி, பத்தடி நடந்ததும் நிழல் தேடுவான்.

இந்தக் கால்களுக்கு இவ்வுரம் எங்கிருந்து வந்தது? அங்குள்ள எவரைக் கேட்டாலும் விடை ஒன்றே. "அது அந்தக் காலத்துச் சாப்பாடு, தம்பி." ஒடியற்கூழ், குரக்கன் பிட்டு, முருங்கையிலை, நல்லெண்ணெய் என்று பட்டியல் நீளும். இவ்விடையிற் பாதி உண்மை உண்டு என்பதே எமது எண்ணம். மறுபாதியை எவரும் சொல்வதில்லை. அதனைத் தேடிப் பார்ப்பதற்காகவே இக்கட்டுரை.

முதலில் ஓர் எச்சரிக்கை கூறிவிடுவது நல்லது. இன்ன ஊரார் இன்னதை உண்டு நூற்றிருபது வயது வாழ்ந்தனர் என்னும் கதைகளை நாம் நம்புவதாயில்லை. யப்பானின் ஒக்கினாவா, இத்தாலியின் சார்டீனியா முதலான தீவுகளில் நூறு வயதைக் கடந்தோர் மிகுதி என்று உலகெங்கும் நூல்கள் எழுதப்பட்டன. சோல் நியூமன் என்னும் ஆய்வாளர் அக்கணக்குகளைத் துருவிப் பார்த்து, பிறப்பு இறப்புப் பதிவுகள் சீர்கெட்ட இடங்களிலேயே இத்தகைய அதிசய வயதினர் பெருகித் தோன்றுகின்றனர் என்று எடுத்துக் காட்டினார். சிரிப்பூட்டிப் பின் சிந்திக்க வைக்கும் ஆய்வுகளுக்கென அளிக்கப்படும் 'இக் நோபல்' பரிசு 2024 ஆம் ஆண்டில் அவருக்குக் கிடைத்தது. எனவே தொண்டைமானாற்று முதியவர்களை அதிசயப் பிறவிகளாக்கும் எண்ணம் எமக்கில்லை. எத்தனை ஆண்டு வாழ்ந்தார் என்பதை விட, கிணற்றடிக்குத் தாமே போய்வரும் வலிமையோடு எத்தனை ஆண்டு வாழ்ந்தார் என்பதே எமது கேள்வி.

இக்கேள்வி இன்று எம் நாட்டுக்கு அவசரமானதுங்கூட. 1981 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் இலங்கை மக்களுள் அறுபது வயதைக் கடந்தோர் நூற்றுக்கு 6.6 பேர். 2012 இல் அது 12.4 ஆயிற்று. வளர்ந்தோருள் ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கு நீரிழிவு உண்டென்று அண்மைக்கால ஆய்வுகள் கூறுகின்றன. ஆயுள் நீண்டிருக்கின்றது. நீண்ட ஆயுளின் கடைசிப் பத்தாண்டைக் கட்டிலிற் கழிப்பதா, முற்றத்திற் கழிப்பதா என்பதுதான் தீர்மானிக்கப்படாமல் இருக்கின்றது.

கூழ்ப்பானைக்குள் இருப்பது என்ன?

பனையைத் தவிர்த்து வடமராட்சி உணவைப் பேச முடியாது. பனங்கொட்டையைப் பாத்தியிற் புதைத்து, சில மாதங்களின் பின் கிண்டியெடுக்கும் கிழங்கைப் பச்சையாகவே பிளந்து வெயிலிற் காயவிட்டால் ஒடியல். அவித்துக் காயவிட்டாற் புழுக்கொடியல். முன்னது மாவாகிக் கூழுக்கும் பிட்டுக்கும் போகும். பின்னது பல்லுள்ளவர்கள் தேங்காய்ச் சொட்டோடு சப்பிச் சாப்பிடுவதற்கு. ஒடியல் மாவில் நார்ச்சத்து மிகுதி. வயிற்றிற் கனமாக நின்று, பசியை மெல்லத்தான் வரவிடும்.

ஒடியலைப் பற்றி மற்றோர் உண்மையையும் மறைக்கக் கூடாது. பச்சை ஒடியல் மாவிற் கசப்புண்டு. அம்மாவை எலிகளுக்கு ஊட்டிப் பார்த்த ஆய்வாளர் அதில் நரம்புக்கு ஊறு செய்யும் பொருளும் இருக்கக் கண்டனர். எம்முடைய ஆச்சிமார் எந்த ஆய்வுகூடமும் காணாதவர்கள். ஆயினும் மாவை நீரில் ஊறவிட்டு, தெளிந்த நீரை வடித்து ஊற்றி, பின்னர் நெடுநேரம் கொதிக்க வைத்தே கூழ் காய்ச்சினர். 'ஏன் ஆச்சி இத்தனை பாடு?' என்று கேட்டாற் 'கைக்கும்' என்ற ஒரு சொல்லே விடை. அவசர யுகத்தில் இந்த ஊறவைத்தலை விட்டுவிட்டு, பொதியை வெட்டி நேரே பானையிற் கொட்டுவோர் இதைக் கவனித்துக்கொள்வார்களாக.

குரக்கனுக்கு வருவோம். நூறு கிராம் குரக்கனில் ஏறக்குறைய 340 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. அதேயளவு தீட்டிய அரிசியில் அது பத்து மில்லிகிராமைச் சுற்றியே நிற்கும். எலும்பு தேயும் வயதில் இந்த வேறுபாடு சிறிதன்று. சாமை, தினை, வரகு ஆகியனவும் அன்றாடம் அடுப்பேறியவைதான். வேலியிலேயே முருங்கை நிற்கும். அதன் இலையை வறையாக்குவர். முசுட்டை, பொன்னாங்காணி, வல்லாரை என்பன விலைகொடாமற் கிடைத்தன. வல்லாரைச் சம்பல் தின்றாற் பரீட்சையிற் சித்தியெய்தலாம் என்று சொல்லி அம்மம்மாமார் ஊட்டுவது வழக்கம். அதற்கு உறுதியான சான்று போதாது. ஆனாற் கீரை என்ற அளவிலே அது நன்றே. பரீட்சையையும் எழுதிவிட்டுப் போகட்டும்!

நீரேரி இறாலும் நண்டும் தந்தது. கடல் சூடையும் நெத்தலியும் தந்தது. முள்ளோடு தின்னும் சிறுமீனிற் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் ஒருங்கே உண்டு. சைவ உணவினருக்கு உளுந்தும் பயறும் தயிரும் மோரும் அவ்விடத்தை நிரப்பின. இங்கே சிறிது நின்று பேசவேண்டும். முதியவர்களுக்குச் 'சும்மா கொஞ்சம் கஞ்சி போதும்' என்று நாம் எல்லோரும் எண்ணுகின்றோம். அவர்களும் அப்படியே சொல்லிவிடுகிறார்கள். இது பெரும் பிழை. வயது ஏறஏறத் தசை தானாகவே கரைகின்றது. அதனை ஈடுசெய்ய, உடல் நிறையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் வரையிற் புரதம் வேண்டும் என்பது இக்கால உணவு நூலார் கருத்து. ஐம்பது கிலோ நிறையுள்ள ஆச்சிக்கு ஐம்பது, அறுபது கிராம். காலையில் இரண்டு துண்டு பாணும் ஒரு கோப்பை வெறுந் தேநீரும் கொடுத்தால் ஐந்தாறு கிராமுக்கு மேற் சேராது. ஒரு முட்டையோ, ஒரு பிடி அவித்த பயறோ, உள்ளங்கையளவு மீனோ சேர்ந்தாற் கணக்கு மாறிவிடும். சிறுநீரக நோயுள்ளவர்களுக்கு இவ்வளவு பொருந்தாது. அவர்கள் தம்மைப் பார்க்கும் வைத்தியரின் சொற்படியே நடக்கவேண்டும்.

துலாவும் உரலும்

இனி, எவரும் சொல்லாத மறுபாதிக்கு வருவோம்.

குரக்கன் பிட்டு மேசைக்கு வந்த வழியை எண்ணிப் பாருங்கள். குரக்கனைச் சுளகிற் புடைக்கவேண்டும். திரிகையில் அரைக்கவேண்டும். அரிசியாயின் உரலில் இட்டு உலக்கையால் இடிக்கவேண்டும். தேங்காய் துருவுவதற்குத் திருவலையில் குந்தவேண்டும். சம்பலுக்கு அம்மியின் முன் முழங்கால் மடக்கவேண்டும். தண்ணீருக்குக் கிணற்றடி. தோட்டத்துக்கு இறைப்பதாயின் இரண்டு ஆண்கள் துலாவின் மேலேறி முன்னும் பின்னுமாக நடந்து மிதிக்க, கீழே ஒருவர் பட்டையைப் பிடித்துச் சாய்ப்பார். உயரத்தில் ஒடுங்கிய மரத்தின்மேல் இருளோடு தொடங்கிய அந்த நடையிற் கால்வலிமையும் உடற்சமநிலையும் ஒருங்கே பழகின. அதனை எவரும் தேகாப்பியாசம் என்று அழைக்கவில்லை. வேலை என்றே அழைத்தனர்.

ஆகவே எம் முன்னோர் குரக்கன் தின்றதனால் மட்டும் உரம் பெறவில்லை. குரக்கனைத் தின்பதற்காகப் பட்ட பாட்டினாலும் பெற்றனர். இயந்திரத்தில் அரைத்து, பொதியில் அடைத்து, கடையில் வாங்கி, மின்னடுப்பிற் கிண்டி, நாற்காலியில் இருந்து தின்னும் குரக்கன் சத்தில் அதே குரக்கன்தான். ஆயினும் அந்த நாற்காலி முன்பு இருக்கவில்லை. இனி உரலிடிக்க வாருங்கள் என்று நாம் பெண்களை அழைக்கவில்லை. உரலிடித்துத் தோள் தேய்ந்த ஆச்சிமாரே அந்த அழைப்பைக் கேட்டாற் சிரிப்பார்கள். உடலுழைப்புப் போன இடத்தில் வேறொன்றை வைக்காமல் விட்டோமே என்பதே எமது குறை.

வைப்பதற்குக் காலம் கடந்துவிட்டதா? இல்லை என்பதற்கு ஒரு சான்று உண்டு. அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில், முதியோர் இல்லமொன்றில் வாழ்ந்த பத்துப் பேரைக் கொண்டு ஒரு பரிசோதனை செய்தனர். அவர்களின் வயது எண்பத்தாறிலிருந்து தொண்ணூற்றாறு வரை! எட்டு வாரம் காற்றசைகளுக்குப் பாரந்தூக்கும் பயிற்சி கொடுத்தனர். இறுதிவரை நின்ற ஒன்பது பேரின் கால்வலிமையும் சராசரியாக முன்னிருந்ததைப் போல இரண்டரை மடங்குக்கு மேலாயிற்று. இருவர் ஊன்றுகோலைக் கைவிட்டே நடந்தனர். 1990 ஆம் ஆண்டில் வெளியான இம்முடிவு மருத்துவ உலகையே திரும்பிப் பார்க்க வைத்தது. தொண்ணூறு வயதுத் தசையும் வேலை கொடுத்தால் வளரும்.

அதற்கு நம் வீட்டிற் பாரக்கட்டி வேண்டியதில்லை. ஒரு கதிரையிற் கையூன்றாமல் இருந்து எழும்புதல் போதும். முதல் நாள் ஐந்து தடவை. பழகியபின் பத்து. சுவரையோ தூணையோ தொட்டுக்கொண்டு ஒற்றைக்காலிற் சிறிது நேரம் நிற்றல். விழுந்து இடுப்பெலும்பு முறிவதே பல முதியவர்களைக் கட்டிலோடு கட்டிப்போடுகின்றது. நெஞ்சுநோயோ மயக்கமோ உள்ளவர்கள் மட்டும் முதலில் வைத்தியரைக் கேட்டுக்கொள்க. நடையைப் பொறுத்தவரை, கிழமையில் 150 நிமிடமேனும் விரைந்து நடக்கவேண்டுமென்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. நாளுக்கு இருபது நிமிடத்துக்குச் சற்று மேல். கோயிலுக்குப் போய்வந்தாற் தீர்ந்தது.

நடை என்றதும் ஒன்றைச் சொல்லாமற் போக முடியவில்லை. கதிர்காமப் பாதயாத்திரை இந்தச் செல்வச்சந்நிதியிலிருந்தே புறப்படுகின்றது. போர்க்காலத்தில் வடபகுதி வழி தடைப்பட்டுப் பின்னர் மீண்டது. முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில் என்று கீழைக் கரையோரமாக இறங்கி, உகந்தையைத் தாண்டி, குமண யாலக் காடுகளை ஊடறுத்துக் கதிர்காமம் சேர ஏறக்குறைய இரண்டு மாதமாகும். அந்தக் கூட்டத்தில் அறுபதையும் எழுபதையும் கடந்தோர் பலர் உளர். அவர்கள் ஓடுவதில்லை. விடியலில் நடப்பார்கள். வெயில் ஏறுமுன் மரநிழலில் அமர்வார்கள். வழியிலுள்ள ஊரார் கொடுப்பதை உண்பார்கள். மாலையில் மறுபடி நடப்பார்கள். பக்தியை அளக்க எம்மிடம் கருவியில்லை. ஆனால் மெதுவான நடை, எளிய உணவு, இளைப்பாறல், பேச்சுத்துணை ஆகிய நான்கும் அறுபது நாள் தொடர்ந்து கிடைக்கும் இடம் இந்நாட்டில் வேறெங்கும் உண்டோ என்பது ஐயமே. தம்மால் இயலுமோ என்று உடலைச் சோதித்தறியாமல் எவரும் இதில் இறங்கலாகாது என்பதையும் சேர்த்தே சொல்கிறோம்.

வெற்றிலைத் தட்டமும் கருவாட்டுச் சட்டியும்

முன்னோர் செய்த யாவும் நன்று என்பது எம் கொள்கையன்று. அந்தக் கூழ்க்குடிக்கு அருகிலேயே வெற்றிலைத் தட்டம் இருந்தது. யாழ்ப்பாணம் புகையிலைக்குப் பேர்போன மண். வெற்றிலையோடும் பாக்கோடும் புகையிலையை அதக்கிய வாய்கள் எத்தனையோ புற்றுநோய்க்கு இரையாயின. பாக்கு மாத்திரமே போதும், புகையிலை இல்லாமலும் வாய்ப்புற்றை வருவிக்கும் என்று இப்போது அறிந்திருக்கிறோம். சுருட்டும் அவ்வாறே. 'அப்பு தொண்ணூறு வயதுவரை சுருட்டுக் குடித்தார்' என்று சொல்வோர், ஐம்பதிற் போன மற்ற அப்புமாரை எண்ணுவதில்லை. போனவர்கள் வந்து சாட்சி சொல்வதுமில்லை.

உப்பும் அப்படித்தான். கரையோர மக்களாதலாற் கருவாடு, ஊறுகாய், மோர்மிளகாய் இல்லாமற் சோறு இறங்காது. நாளுக்கு ஐந்து கிராமுக்குள் உப்பு இருக்கவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அது ஒரு தேக்கரண்டியளவே. வெயிலில் வியர்வை சிந்தித் துலா மிதித்தவருக்குச் சிறிது கூடினாலும் தாங்கிற்று. தொலைக்காட்சிக்கு முன் அமர்ந்தவருக்கு அதே கருவாடு இரத்த அழுத்தமாகி நிற்கின்றது.

பனங்கட்டியைப் பற்றியும் ஒரு மயக்கம் உண்டு. 'சீனி கூடாது, பனங்கட்டி எவ்வளவும் கடிக்கலாம்' என்று நீரிழிவுக்காரர் பலர் தம்மையே ஏமாற்றிக்கொள்கின்றனர். பனங்கட்டியும் இனிப்பே. அதிற் சில தாதுப்பொருள்கள் கூடுதலாக இருக்கலாம். குருதியிற் சேரும்போது அது சர்க்கரையாகவே சேரும். முந்தைய காலத்தில் ஒரு கடி பனங்கட்டியோடு ஒரு செம்பு தேநீர் குடித்து முடித்தனர். அந்த ஒரு கடியில்தான் நன்மை இருந்தது.

பாண் வந்த கதை

இன்று குடாநாட்டு வீடுகளிற் காலையுணவு பாணாகவும் மாலையுணவு கோதுமைமாப் பிட்டாகவும் ஆகிவிட்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்து அரிசித் தட்டுப்பாட்டில் நிலையூன்றத் தொடங்கிய பழக்கம் அது. 1980 ஆம் ஆண்டளவில் திருகோணமலையிற் பேராலை எழுந்தபின் கோதுமைமா மலிந்தது. குரக்கனுக்குக் காத்திருப்போர் குறைந்தனர். விதைப்போரும் குறைந்தனர்.

இடையிலே ஒரு விசித்திர காலம் வந்தது. 1987 ஆம் ஆண்டு மே மாதத்து இராணுவ நடவடிக்கை வடமராட்சியை உலுக்கிற்று. 1990களின் முற்பாதியிற் பொருளாதாரத் தடையால் எரிபொருள் அருமையாயிற்று. குடாநாடு முழுவதும் துவிச்சக்கர வண்டியில் ஏறிற்று. ஆசிரியரும் வைத்தியரும் மணமக்களும் மிதித்தனர். வளவிலே விளைந்ததைக் கொண்டே பானை ஏறிற்று. 'அப்போது எமக்கு நோயே இல்லை' என்று சொல்வோரை இன்றும் கேட்கலாம். நாம் அவ்வாறு சொல்லத் துணியோம். இன்சுலின் கிடையாமலும், மருந்து வந்து சேராமலும், இடம்பெயர்ந்த வழியிலே விழுந்தும் போன முதியவர்கள் பலர். வறுமையை வைத்தியமென்று போற்றுவது பாவம். மிதித்த கால்கள் உரமாயின என்பது மட்டும் உண்மை. அதனை அமைதிக் காலத்திலும் செய்யத் தடையில்லை.

தனித்த தட்டு

எம் மனத்தை உறுத்துவது இனிச் சொல்லப்போவதே. வடமராட்சியின் ஒழுங்கைகளிற் பெரிய கல்வீடுகள் பல எழுந்திருக்கின்றன. பிள்ளைகள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கிறார்கள். வீட்டில் அம்மம்மா ஒருவர், அல்லது அம்மம்மாவும் அப்பப்பாவும். மாதந்தோறும் பணம் வருகின்றது. அதிற் பால்மாப் பேணியும் பிசுக்கோத்தும் சத்துமாப் பெட்டியும் வருகின்றன. ஒருவருக்காக உலைவைக்க எந்த ஆச்சிக்கும் மனம் வருவதில்லை. 'ஒரு துண்டுப் பாணோட முடிச்சிட்டன் பிள்ளை' என்று தொலைபேசியிற் சொல்வார். அந்த ஒரு வாக்கியத்திலே புரதக் குறைவும் இருக்கின்றது, அதற்கு மேலான குறைவும் இருக்கின்றது.

மூன்று இலட்சம் பேருக்கு மேற்பட்டோரை உள்ளடக்கிய 148 ஆய்வுகளை ஒன்றுதிரட்டி 2010 ஆம் ஆண்டிற் பார்த்தபோது, உறவும் நட்பும் உறுதியாக உள்ளவர்கள் உயிர்பிழைத்திருக்கும் வாய்ப்பு மற்றவர்களிலும் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு என்று தெரிந்தது. பின்லாந்து நாட்டில் அறுபது முதல் எழுபத்தேழு வயதுக்குட்பட்ட 1260 பேரைக் கொண்டு இரண்டாண்டு நடத்திய மற்றொரு பரிசோதனையில், நல்லுணவு, உடற்பயிற்சி, மூளைக்கு வேலை, இரத்த அழுத்தம் முதலியவற்றின் மேற்பார்வை ஆகிய யாவும் ஒருங்கே பெற்றவர்கள், பொதுவான அறிவுரை மட்டும் பெற்றவர்களை விட அறிவாற்றற் சோதனைகளில் முந்தி நின்றனர். 2015 இல் வெளியான அதன் சிறப்பு, எந்த ஒன்றையும் தனியே மருந்தென்று சொல்லாமல் எல்லாவற்றையும் சேர்த்ததிலேயே இருந்தது.

எம்மூரில் அச்சேர்க்கை முன்னரே இருந்தது. செல்வச்சந்நிதியானை 'அன்னதானக் கந்தன்' என்றே அழைப்பர். கோயிலைச் சூழ்ந்த மடங்களிற் பந்தி நடக்கும். அப்பந்தியில் அமரும் முதியவரைப் பாருங்கள். தரையில் அமர்வதால் முழங்காலுக்கு வேலை. சோறு, பருப்பு, மரக்கறி என்ற எளிய உணவு. அருகில் இருப்பவர் யாரென்று தெரியாவிட்டாலும் 'எந்த ஊர்?' என்ற கேள்வியோடு பேச்சுத் தொடங்கும். உண்டபின் வெளியில் வந்து ஆலமர நிழலில் இன்னும் ஒரு மணிநேரம். வீட்டிற் பாண் துண்டோடு முடித்துக்கொள்ளும் அதே ஆச்சி இங்கே இரண்டாந்தரமும் சோறு கேட்பதுண்டு.

நமது வீடுகளிலும் இதைச் சிறிய அளவிற் செய்ய முடியும். தனித்திருக்கும் அயல்வீட்டு ஆச்சிக்குக் கிழமையில் ஒருநாள் சமைத்துக் கொடுப்பது நல்லது. அவரை எங்கள் குசினிக்கு அழைத்து, முருங்கையிலையை உருவித் தரச்சொல்வது அதிலும் நல்லது. முதியவர்களை 'நீங்கள் இருங்கோ, நாங்கள் செய்யிறம்' என்று கதிரையில் இருத்துவதை நாம் மரியாதை என்று எண்ணியிருக்கிறோம். இருபதாண்டு இருத்தினால் எழும்ப இயலாமற் போகும். பூக்கன்றுக்குத் தண்ணீர் விடவும், பேரப்பிள்ளையைப் பள்ளிக்கூட வாசல்வரை கூட்டிப்போகவும், கணக்குக் கொப்பியைச் சரிபார்க்கவும் அவர்களுக்கு உரிமையுண்டு.

இதை வாசிக்கும் மாணவர்களுக்கும் ஒரு சொல். எலும்பு தன் முழு உறுதியை முப்பது வயதளவில் அடைந்துவிடுகின்றது. அதன்பின் சேமிப்பிலிருந்து செலவுதான். ஆகவே முதுமைக்கான ஆயத்தம் உங்கள் வயதிலேதான் நடைபெறுகின்றது. வினாத்தாளோடு பகல் முழுவதும் குந்தியிருப்பவர்கள் மாலையிற் பந்தடிக்கப் போவதை வீட்டார் தடுக்கவேண்டாம்.

ஒரு நாட் கூழ்

ஆடிப்பிறப்பன்று இனிப்புக் கூழ் காய்ச்சுவது வழக்கம். நாம் இங்கே சொல்வது எந்த ஞாயிற்றுக்கிழமையும் காய்ச்சத்தக்க ஒடியற்கூழை. பல்லில்லாதவர்களும் குடிக்கலாம். பந்தியாக இருந்து குடிக்க வேண்டியதாதலால் தனியே காய்ச்சுவதிற் பொருளில்லை.

ஒடியல் மாவை முதலிலேயே நீரில் ஊறவிட்டு, தெளிந்த நீரை ஊற்றிவிடுங்கள். பெரிய பானையில் நீர் கொதித்ததும் ஒரு பிடி அரிசி, பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு ஆகியவற்றை இட்டு அவியவிடவேண்டும். மரவள்ளியைத் தோல் நன்றாகச் சீவி, துண்டாக்கி, முழுதாக அவித்தே சேர்க்கவேண்டும். பின்னர் மீன், நண்டு, இறால். சைவ உணவினர் இவ்விடத்தில் அவித்த பயறும் கூடுதலாகக் கீரையும் சேர்க்கலாம். செத்தல் மிளகாயும் மஞ்சளும் அரைத்த கூட்டோடு புளியைக் கரைத்து ஊற்றி, ஊறிய மாவையும் கரைத்து விட்டு, அடிப்பிடியாமற் துழாவிக்கொண்டே நெடுநேரம் கொதிக்க வையுங்கள். இறக்குமுன் முருங்கையிலை. உப்பை அரைவாசியாகத் தொடங்குங்கள். பனையோலையிற் கோலிய பிளா கிடைத்தாற் சிறப்பு.

எவ்வளவு புளி, எவ்வளவு மிளகாய், கூழ் எப்போது பதம் என்று நாம் எழுதவில்லை. அது கைக்கணக்கு. வீட்டில் ஆச்சி இருந்தால் அடுப்படிக்கு ஒரு பலகையை இழுத்துப்போட்டு அவரிடம் கேளுங்கள். இல்லையேல் ஒழுங்கையின் மறுகோடியில், தனிவீட்டில், ஒருவர் இருப்பார்.